மேற்கு வர்ஜீனியா மக்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள்?

மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மார்கன்டவுனில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் நியூ ஜெர்சியில் இருக்கும் மாமா "அந்த மலைக்காட்டுக்கா போகிறாய்? படிப்பறிவில்லாத சோம்பேறிகள் ஊராயிற்றே" என்று பயமுறுத்துகிறார், அங்கே மக்கள் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

2014 முதல் ஐந்து ஆண்டுகள் அதே ஊரில் படித்தவன் நான். உங்கள் மாமா அந்த மக்களோடு பழகிவிட்டு இதைச் சொல்லியிருக்க முடியாது. ‘ஹில்பில்லி’ என்று மலைக்காரர்களை இளக்காரமாகப் பேசும் வழக்கம் அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. புதிதாகக் குடியேறும் நம்மவர்களும் அதைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு வயிறு எரிகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் குடியேறிய வாரத்திலேயே வாசற்படியில் ஒரு பை நிறையத் தக்காளி இருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் தோட்டத்தில் காய்த்தது என்றார். எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் மாட்டியிருக்கும், பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். தூசி படிந்து படிந்து நுரையீரல் கல்லாகிவிடும் கருநுரையீரல் நோய். அந்த மாநிலத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய புகையிலை டப்பா ஒன்றைத் திறந்து, ஒரு பித்தளை வில்லையை என் உள்ளங்கையில் வைத்தார். நம் ஐம்பது பைசா அளவு. நடுவில் முக்கோணமாக ஓட்டை, விளிம்பைச் சுற்றிச் சுரங்கக் கம்பெனியின் பெயர். பின்பக்கம், சரக்காக மட்டுமே மாற்றிக்கொள்ளலாம் என்று பொறித்திருந்தது. தெற்கே மெக்டவல் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) அவருடைய அப்பாவுக்குச் சம்பளமாகக் கிடைத்தது அது. ‘ஸ்கிரிப்’ என்பார்கள். டாலர் அல்ல; கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும். வீடு கம்பெனியுடையது, டாக்டர் கம்பெனியுடையவர், வெடிமருந்துக்கும் விளக்குக்கும்கூடக் கூலியில் பிடித்தம். வேலைநிறுத்தம் செய்தால் அன்றே வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். நாள் முழுவதும் முழங்காலிட்டு நிலக்கரி வெட்டியவன் மாதக் கடைசியில் கம்பெனிக்கே கடன்காரனாக நிற்பான். இவர்களையா சோம்பேறிகள் என்பது?

அந்த மலைகளுக்கு அடியில் இருந்த நிலக்கரி கொஞ்சநஞ்சமல்ல. ரயில் பாதை வந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், வெளியூர்த் தரகர்கள் மலை விவசாயிகளிடம் நிலத்தடி உரிமையை அடிமாட்டு விலைக்கு எழுதி வாங்கினார்கள். மேலே உழுகிறவன் ஒருவன், கீழே இருப்பது நியூயார்க்கிலோ பிலடெல்பியாவிலோ இருக்கும் இன்னொருவனுக்குச் சொந்தம். நாட்டின் எஃகு ஆலைகளும் மின்நிலையங்களும் அந்தக் கரியில் ஓடின, லாபம் மலையை விட்டுப் போய்விட்டது. அந்த ஏழ்மையின் வேர் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாநிலமாகப் பிறந்ததே ஒரு மறுப்பில்தான். 1861இல் வர்ஜீனியா அடிமை முறையைக் காக்கும் தென் மாநிலங்களோடு சேர்ந்து நாட்டைவிட்டுப் பிரிந்தபோது, மேற்கு மலைப்பகுதி மக்களின் பிரதிநிதிகள் வீலிங் நகரில் கூடி அதை ஏற்க மறுத்தார்கள். அங்கே பெரிய தோட்டங்கள் கிடையாது, அடிமைகளும் குறைவு. வரியிலும் சட்டமன்ற இடங்களிலும் கிழக்கத்திப் பண்ணையார்கள் தங்களை வஞ்சிக்கிறார்கள் என்ற பழைய கோபமும் இருந்தது. எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று சொல்ல மாட்டேன். தென்படைக்குப் போனவர்களும் ஏராளம். ஆனாலும் போர் நடக்கும்போதே, 1863 ஜூன் 20 அன்று, 35ஆவது மாநிலமாக ஆகிவிட்டது. மலைவாசிகள் என்றும் சுதந்திரமானவர்கள் என்று லத்தீனில் ஒரு வாசகத்தை மாநில முத்திரையில் பொறித்துக்கொண்டார்கள்.

அந்த வாசகத்துக்காக ரத்தம் சிந்தியதும் அவர்கள்தான். 1920 மே 19 அன்று, சங்கத்தில் சேர்ந்த குடும்பங்களைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில் தள்ளக் கம்பெனியின் கூலி ஆட்கள் மேட்வான் என்ற சிற்றூருக்கு வந்தார்கள். ஊர்க் காவல் அதிகாரி சிட் ஹாட்ஃபீல்டு அவர்களை எதிர்த்து நின்றார். துப்பாக்கிச் சண்டையில் பத்துப் பேர் இறந்தார்கள், மேயர் உட்பட. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 1 அன்று, வெல்ச் நகர நீதிமன்றப் படியில், கையில் ஆயுதமின்றி மனைவியோடு ஏறிக்கொண்டிருந்த சிட்டைக் கம்பெனியின் கூலி ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் செய்தி பரவியதும் ஏறத்தாழ பத்தாயிரம் தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு பிளேர் மலையை நோக்கி நடந்தார்கள். எதிரே கம்பெனிகளின் பக்கம் நின்றவர்களின் இயந்திரத் துப்பாக்கிகள். வாடகை விமானங்களிலிருந்து அவர்கள் குண்டுகளும் போட்டார்கள். கடைசியில் மத்திய ராணுவம் வந்தபோது தொழிலாளர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். முதல் உலகப் போரில் அதே சீருடை அணிந்து திரும்பிய பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், ராணுவத்தைச் சுட அவர்களுக்கு மனம் வரவில்லை. தலைவர்கள்மீது தேசத்துரோக வழக்கு போடப்பட்டது.

பெரியவரின் பள்ளிப் பாடத்தில் இதில் ஒரு வரிகூட வந்ததில்லையாம். அப்பா சொல்லித்தான் தெரியும் என்றார். அப்பாவும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வாராம்.

அங்கே வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலி, ஹங்கேரி, போலந்திலிருந்தெல்லாம் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சுரங்கக் குடியிருப்பில் தெருக்கள் பிரிந்திருந்தாலும், பிளேர் மலைக்கு நடந்தபோது எல்லோர் கழுத்திலும் ஒரே சிவப்புத் துணிதான். 1930இல் தொடங்கிய ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை வேலையில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சிலிக்காப் பாறையை முகமூடிகூட இல்லாமல் உலர்வாகத் துளைக்க வைத்ததில் நுரையீரல் கெட்டு மாண்டவர்கள் 476 பேர் என்று நாடாளுமன்ற விசாரணையில் கணக்கு வந்தது. விண்வெளிப் பயணங்களுக்குக் கணக்குப் போட்ட கேத்தரின் ஜான்சன் இந்த மாநிலத்துப் பெண். அவர் பிறந்த பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லாததால், படிக்க வைப்பதற்காக வேறு ஊருக்குக் குடிபோன குடும்பம் அது. படிப்பறிவு பற்றி மாமா மறுபடி பேசினால் இதைச் சொல்லுங்கள்.

மார்கன்டவுனிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் மொனோங்கா. 1907 டிசம்பர் 6 அன்று அங்கே சுரங்கம் வெடித்து 362 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அமெரிக்க வரலாற்றிலேயே அதைவிடப் பெரிய சுரங்க விபத்து கிடையாது. இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இத்தாலியர்கள். கேத்தரினா டேவியா என்ற பெண்ணின் கணவர் உடல் கிடைக்கவே இல்லை. அவள் தினமும் சுரங்கத்துக்குப் போய் ஒரு மூட்டை நிலக்கரியைச் சுமந்து வந்து தன் வீட்டருகே கொட்டுவாளாம், இருபத்தொன்பது ஆண்டுகள். அடுப்பெரிக்க அல்ல. மண்ணுக்குள் கிடக்கும் கணவன்மேல் அழுத்தும் பாரம் அவ்வளவாவது குறையட்டும் என்று. நான் போன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. குழந்தைகளோடு நிற்கும் ஒரு விதவையின் பளிங்குச் சிலை அங்கே இருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

பக்கத்திலேயே ஃபார்மிங்டனில் 1968இல் இன்னொரு வெடிப்பு, 78 பேர் பலி. அதன் பிறகுதான் சுரங்கப் பாதுகாப்புக்கு உருப்படியான மத்தியச் சட்டம் வந்தது. 1969 பிப்ரவரியில் கருநுரையீரல் நோய்க்கு நஷ்டஈடு கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்ததில் என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஒருவர்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். பெப்பரோனி ரோல் என்று ஒன்று பக்கத்து ஊரான ஃபேர்மான்டின் பேக்கரிகளில் கிடைக்கும். இத்தாலியச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகப் பிறந்தது; இறைச்சித் துண்டுகளை உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி, வெட்டிப் பார்த்தால் கொழுப்பு ஊறி உள்பக்கம் செம்மஞ்சளாக இருக்கும். சீக்கிரம் கெட்டுப்போகாது, ஒரு கையால் சாப்பிடலாம். ஏப்ரலில் காட்டுப் பூண்டுத் தழை வரும், ‘ரேம்ப்ஸ்’ என்பார்கள். தேவாலயங்களிலும் தீயணைப்பு நிலையங்களிலும் ஊரே கூடி உருளைக்கிழங்கோடு வதக்கிச் சாப்பிடும். வாசனை இரண்டு நாளைக்கு உடம்பை விட்டுப் போகாது.

வேலை குறைந்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். 1950இல் இருபது லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020இல் பதினெட்டு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. தெற்கே போனால் பூட்டிய கடைத் தெருக்களைப் பார்ப்பீர்கள். வலிநிவாரணி மாத்திரைகள் பல குடும்பங்களைச் சிதைத்திருக்கின்றன. ஆனால் 2018 பிப்ரவரியில் 55 கவுன்டிகளின் ஆசிரியர்களும் பள்ளி ஊழியர்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். பலர் கழுத்தில் சிவப்புத் துணி. பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருக்கும் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று, நிறுத்தத்துக்கு முன்பே ஆசிரியர்கள் உணவுப் பொட்டலம் கட்டினார்கள். ஐந்து சதவீத ஊதிய உயர்வு பெற்ற பிறகுதான் வகுப்புக்குத் திரும்பினார்கள். தொலைக்காட்சியில் அந்தச் சிவப்புத் துணிகளைப் பார்த்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் புகையிலை டப்பாவை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தைரியமாகப் போங்கள். ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தால் தக்காளிக் காலம் முடிந்திருக்காது, உங்கள் வாசலிலும் யாராவது ஒரு பை வைத்துவிட்டுப் போகலாம். பையைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பையாகக் கொடுக்காதீர்கள். நான் எலுமிச்சைச் சாதம் போட்டுக் கொடுத்தேன், அடுத்த வாரம் அந்தப் பாத்திரம் நிறைய வேகவைத்த பீன்ஸும் சோள ரொட்டியும் வந்தன.