'கவாரிஜ்' என்று கேட்டதில் என்ன தவறு?

கேள்வி: மஸ்கட்டில் வேலை செய்கிறேன். பக்கத்துப் பள்ளிவாசலில் ஒமானியர்கள் கையைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுகிறார்கள், ஆமீன் சொல்வதில்லை. "அவர்கள் காரிஜிகள், பின்னால் நின்று தொழாதே" என்கிறார் என் அறைத் தோழர். கூட வேலை செய்யும் ஒமானிய நண்பரிடம் "நீங்கள் கவாரிஜா?" என்று கேட்டுவிட்டேன். முகம் மாறிவிட்டது. அந்தச் சொல்லில் அப்படி என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், மஸ்கட்

பதில்: அங்கே கடைகளில் வெளியேறும் வழிக்கு மேலே 'மக்ரஜ்' என்று அரபியில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மதரஸாவில் ஓதும்போது எழுத்து பிறக்கும் இடத்தையும் மக்ரஜ் என்றுதான் சொல்லித் தந்திருப்பார்கள். அதே வேரிலிருந்து வந்ததுதான் காரிஜி: வெளியேறியவர். கவாரிஜ் அதன் பன்மை. தமிழில் 'கவாரிஜ்கள்' என்று பன்மைக்கு மேல் பன்மை போடுகிறோம், பழகிவிட்டது, போகட்டும்.

வெளியேறியது எங்கிருந்து? 657-இல் யூப்ரடீஸ் கரையில் ஸிஃப்பீன் போர். நான்காம் கலீஃபாவான அலீ (ரலி) அவர்களும் அவரை எதிர்த்து நின்ற சிரியா ஆளுநர் முஆவியா (ரலி) அவர்களும் போரை நிறுத்தி மத்தியஸ்தத்துக்குச் சம்மதித்தார்கள். அலீயின் படையிலேயே ஒரு கூட்டம் அதை எதிர்த்தது. "தீர்ப்பு அல்லாஹ்வுக்கே" என்று முழங்கிவிட்டு, கூஃபாவுக்குப் பக்கத்தில் ஹரூரா என்ற இடத்தில் போய்த் தங்கியது. "சொல் சரிதான், அதை வைத்துத் தவறானதை நாடுகிறார்கள்" என்றார் அலீ. மறு ஆண்டு நஹ்ரவானில் அவர்களோடு போர் நடந்தது. 661-இல் அவர்களில் ஒருவரான இப்னு முல்ஜம் கையால்தான் அலீ கொல்லப்பட்டார். அந்தச் சொல்லோடு இந்த ரத்தமும் சேர்ந்தே வருகிறது.

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஷுராத்': அல்லாஹ்வுக்காக உயிரை விற்றவர்கள். ஊர் பெயரை வைத்து மற்றவர்கள் 'ஹரூரிய்யா' என்றும் சொன்னார்கள். நபிகளாரின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் முஆதா என்ற பெண்மணி, மாதவிடாயில் விட்ட நோன்பைக் களாச் செய்கிறோம் (பிறகு ஈடுசெய்கிறோம்), தொழுகையை ஏன் செய்வதில்லை என்று கேட்டார். "நீ ஹரூரிய்யாவா?" என்றார் ஆயிஷா. "இல்லை, கேட்கத்தான் செய்கிறேன்" என்றார் முஆதா. பாருங்கள், அந்தக் காலத்திலேயே அந்தப் பெயரைக் கேட்டதும் முதலில் 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது.

சரி, உங்கள் நண்பர் விஷயம். அவர் இபாதி மத்ஹபைச் (மார்க்கச் சட்டப் பிரிவைச்) சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஸிஃப்பீனில் மத்தியஸ்தத்தை ஏற்காதவர்களை இபாதிகள் தங்கள் முன்னோராகக் கருதுவதுண்டு. பழைய நூல்கள் அவர்களைக் காரிஜிகளோடு சேர்த்தது அதனால்தான். ஆனால் 680-களில் நாஃபிஃ இப்னுல் அஸ்ரக் என்ற காரிஜித் தலைவர், தங்களோடு சேராத முஸ்லிம்களெல்லாம் இணைவைப்பவர்கள், அவர்கள் உயிருக்குப் பாதுகாப்பில்லை என்று கிளம்பியபோது, இராக்கின் பஸ்ராவில் அதை மறுத்து நின்றவர்கள் இந்த இபாதிகளின் முன்னோர். மற்ற முஸ்லிம்களோடு திருமணமும் வாரிசுரிமையும் செல்லும் என்பது அவர்கள் சட்டம். எதை மறுத்துப் பிரிந்தார்களோ அதே பெயரால் அழைத்தால் வலிக்காதா?

இன்று அந்தச் சொல்லின் கனம் இன்னும் கூடிவிட்டது. ஐ.எஸ். அமைப்பைப் பல ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) கவாரிஜ் என்றார்கள். 2024-இல் பாகிஸ்தான் அரசு அங்குள்ள தாலிபான் அமைப்பை 'ஃபித்னா அல்-கவாரிஜ்' (கவாரிஜின் குழப்பம்) என்றே குறிப்பிட உத்தரவிட்டது. உங்கள் நண்பரின் காதில் அதுவும் விழுந்திருக்கும்.

பின்னால் நின்று தொழலாமா என்பதை நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: 2005-இல் ஜோர்தானின் அம்மான் நகரில் கூடிய அறிஞர்கள், இபாதி உட்பட எட்டு மத்ஹபுகளைச் சேர்ந்த எவரும் முஸ்லிமே, அவரைக் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று சொல்லக் கூடாது என்று அறிவித்தார்கள். உங்கள் அறைத் தோழருக்கு அதைச் சொல்லுங்கள்.

நண்பரிடம் நாள் கடத்தாமல் போங்கள். "அந்தச் சொல்லின் கதை தெரியாமல் கேட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள்" என்றால் போதும். பேச்சு தொடர்ந்தால் ஜாபிர் இப்னு ஸைத் பற்றிக் கேளுங்கள். இபாதிகள் தங்கள் முதல் இமாமாக மதிப்பவர். ஒமானின் நிஸ்வா பக்கம்தான் அவர் ஊர். நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கற்றவர் அவர். இதை உங்கள் நண்பர் சந்தோஷமாகவே சொல்வார்.