பனியுகம் பற்றி ஆராய இமயமலைக்குத்தான் போக வேண்டுமா? கோவையிலிருந்தே செய்ய முடியுமா?

செய்யலாம். கடந்த பனியுகத்தில் கொங்குப் பகுதியில் பனிப்பாறை படரவில்லை. ஆனால் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றையதை விட 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தபோது, தென்மேற்குப் பருவமழை வலுவிழந்தது. அதன் தடயம் பக்கத்திலேயே, நீலகிரிச் சதுப்புப் பள்ளங்களின் பீட் மண்ணில் (செடிகொடி அரைகுறையாக மட்கிச் சேர்ந்த மண்) இருக்கிறது.

அதில் பார்ப்பது கார்பன் ஐசோடோப்பு, அதாவது கார்பன்-13க்கும் கார்பன்-12க்கும் உள்ள விகிதம் ஒரு பொது அளவுகோலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது. மரம் செடி மட்கியிருந்தால் மதிப்பு ஆயிரத்துக்கு −27 அளவில் வரும். வறட்சி தாங்கும் வெப்பமண்டலப் புல் என்றால் −12 அளவில். நீலகிரியில் அந்தக் காலத்து அடுக்கு புல் பக்கம் சாய்கிறது.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குழியின் முகத்தைச் சுரண்டிவிட்டு, கீழிருந்து மேலாக எடுக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் புது மண் உதிர்ந்து பழைய அடுக்கில் கலக்கும். இன்றைய வேர் ஓர் இழை தங்கினாலும் ரேடியோ கார்பன் வயது (கதிரியக்கக் கார்பன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக் கணிக்கும் வயது) குறைந்துவிடும். அந்த முறையே ஏறத்தாழ 50,000 ஆண்டு வரைதான் எட்டும்.

பல்லடம் பக்கம் தோண்டினால் வரும் சுக்காங்கல்லும் (மண்ணில் படிந்து இறுகிய சுண்ணாம்புக் கட்டி) பழைய வறட்சியைச் சொல்லும். ஆனால் மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துத் திரும்பப் படியவைப்பதால் வயதுக் கணக்கில் அதை மட்டும் நம்பக் கூடாது. ஆற்று மணலுக்கு ஒளித்தூண்டல் முறை பொருந்தும்; மணல் கடைசியாக வெளிச்சம் பார்த்தது எப்போது என்று அது சொல்லும். குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் மூடி எடுக்க வேண்டும்.

படிப்பு? புவியியலோ நிலவியலோ முதுகலை, பிறகு நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இரண்டையும் கவனியுங்கள். வேதியியலை விட்டுவிடாதீர்கள், வேலையில் பாதி அதுதான்.