ஹார்லெம்ல கறுப்பினப் பிள்ளைங்களுக்குன்னு தனியா கலைப் பள்ளிங்க எதுக்கு? திறமை இருந்தா தானா மேல வரமாட்டாங்களா?

கேள்வியில ரெண்டு விஷயம் இருக்கு. நியூயார்க்ல இத்தனை மியூசியம், இத்தனை ஆர்ட் ஸ்கூல் இருக்கும்போது அங்க கறுப்பின மக்கள் பகுதின்னு பேர்போன ஹார்லெம்ல தனியா எதுக்குங்கறது ஒண்ணு, இதுக்கெல்லாம் காசு யாரு தர்றாங்கங்கறது இன்னொண்ணு. முதல் கேள்விக்கு என் பதில், திறமை தானா எல்லாம் மேல வராதுங்க. நான் நியூஜெர்சியில இருக்கேன், இங்க நம்ம தமிழ்க் குடும்பங்களையே பாருங்க, சனிக்கிழமை ஆச்சுன்னா பிள்ளையைக் கார்ல ஏத்திக்கிட்டு பரதம், வயலின், டிராயிங்னு ஒவ்வொரு வாசல்லயா இறக்கிவிட்டுட்டு காத்துக்கிடக்கறோம். அந்தக் காரும் ஃபீஸும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, அதுவும் வாசல்லயே "நீ வராதே"ன்னு சொன்ன காலத்துல, யாரு செஞ்சாங்கங்கறதுதான் இந்தப் பள்ளிகளோட கதை.

அகஸ்டா சாவேஜ்னு ஒரு சிற்பி. 1892-ல ஃப்ளோரிடாவுல கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ்ங்கற ஊர்ல பொறந்தவங்க. அந்த ஊர் களிமண்ணை எடுத்து சின்ன வயசுலயே வாத்து, கோழின்னு செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, அப்பா மதபோதகர், உருவம் செய்யறது பாவம்னு அடி பின்னியிருக்காரு. அதையெல்லாம் தாண்டி நியூயார்க் வந்து கூப்பர் யூனியன்ல ஃபீஸ் இல்லாம படிச்சாங்க. 1923-ல பிரான்ஸ்ல ஃபோந்தேன்ப்ளோங்கற இடத்துல அமெரிக்கப் பொண்ணுங்களுக்குன்னு ஒரு கோடைக்காலக் கலைப் பள்ளி, அதுக்கு அப்ளை பண்ணாங்க, கறுப்பினப் பெண்ணுன்னு தெரிஞ்சதும் அமெரிக்கத் தேர்வுக் குழு வேணாம்னுடுச்சு. இவங்க அழுதுட்டு உக்காரல, பேப்பர்காரங்ககிட்ட போய் எல்லாத்தையும் வெளிப்படையா சொன்னாங்க. சீட்டு கிடைக்கலதான், ஆனா ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. திறமை இருந்தா எங்க இருந்தும் வரலாம்னு சொல்றவங்க முதல்ல இதுக்குப் பதில் சொல்லணும்.

அப்புறம் ஃபெல்லோஷிப் கிடைச்சு பாரிஸ் போயிட்டு வந்தாங்க. அமெரிக்காவுல அப்ப பொருளாதாரம் சுத்தமா படுத்துப்போயிருந்த நேரம், சிற்பம் வாங்க ஆளே கிடையாது, 1932-ல ஹார்லெம்ல ஒரு ஸ்டுடியோ ஆரம்பிச்சு அக்கம்பக்கத்துல யாரு வந்தாலும் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1937-ல அரசாங்கத்தோட டபிள்யூபிஏ வேலைத்திட்டத்துல ஹார்லெம் கம்யூனிட்டி ஆர்ட் சென்டர் திறந்தப்ப இவங்கதான் முதல் டைரக்டர். ஃபீஸ் கிடையாது, டிராயிங், பெயின்டிங், சிற்பம், பிரின்ட் போடறதுன்னு எல்லாம் உண்டு, ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க வந்தாங்க.

இப்ப ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் பத்திச் சொல்லியாகணும், ஏன்னா இந்தக் கேள்விக்கு அவரைவிட நல்ல பதில் எனக்குத் தெரியல. பதிமூணு வயசு வாக்குல ஹார்லெம் வந்தவரு. அம்மா வேலைக்குப் போகணும், பையன் தெருவுல சுத்தக் கூடாதுன்னு ஸ்கூல் விட்டதும் யுடோபியா ஹவுஸ்னு ஒரு இடத்துல விடுவாங்க. அங்க சொல்லிக்குடுத்தவரு சார்லஸ் ஆல்ஸ்டன், பையனைவிட பத்து வயசுதான் மூத்தவரு. பையன் அட்டைப் பெட்டியை ஒரு பக்கம் வெட்டித் திறந்து உள்ள ஹார்லெம் தெரு ஒண்ணை, கடை, வீடெல்லாம் வச்சு அப்படியே வரைஞ்சு வைப்பான். இவனுக்குச் சொல்லிக்குடுக்கறேன்னு போய் நம்ம கையை இவன் மேல திணிச்சா கெட்டுடும்னு ஆல்ஸ்டனுக்குப் பட்டிருக்கு, கலரும் பேப்பரும் குடுத்துட்டு ஒதுங்கி நின்னுட்டாரு. நல்ல வாத்தியாருக்கு இதைவிட என்னங்க வேணும்.

அப்புறம் அம்மாவுக்கு வேலை போச்சு, பையன் படிப்பை விட்டுட்டு லாண்டரி, பிரின்டிங் பிரஸ்னு கிடைச்ச வேலைக்குப் போனான். இங்கதான் முக்கால்வாசி பேரோட கதை முடிஞ்சிடும். சாவேஜ் என்ன பண்ணாங்கன்னா, அவனைக் கையோட டபிள்யூபிஏ ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய் ஓவியர் வேலைக்குப் பதியச் சொன்னாங்க, இருபத்தொண்ணு ஆகணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. லாரன்ஸே அதை மறந்துட்டாரு. சாவேஜ் மறக்கல, வயசு வந்ததும் திரும்பவும் கூட்டிட்டுப் போய் சேர்த்துவிட்டாங்க. வாரச் சம்பளம் 24 டாலர் கிட்ட, வேலை படம் வரையறது. வயசு வர்ற வரைக்கும் ஞாபகம் வச்சிருந்து திரும்பப் போனாங்க பாருங்க, கம்யூனிட்டி ஆர்ட்ஸ் எஜுகேஷன்னா எனக்கு அதுதான், தூரிகை பிடிக்கச் சொல்லிக்குடுக்கறது அதுல ஒரு பகுதி.

இன்னொரு பக்கம் 135-ஆவது தெரு லைப்ரரியில சார்லஸ் சீஃபர்ட்ங்கறவரு ஆப்பிரிக்க வரலாறு பத்திப் பேசுவாரு, இந்தப் பசங்க போய் உக்காந்து கேப்பாங்க. ஹைட்டி நாட்டு விடுதலைத் தலைவர் தூசான் லூவெர்ச்சூர் பத்தி லாரன்ஸ் 41 படம் வரைஞ்சது அந்தச் சூழல்ல வந்ததுதான். ஸ்கூல் புஸ்தகத்துல இல்லாத தாத்தன் பாட்டன் கதை தெரிஞ்சா பிள்ளைக்கு வரையறதுக்கு விஷயம் கிடைக்குது, தனியா எதுக்குன்னு கேட்டீங்கல்ல, இதுக்கும்தான்.

1940-41-ல, இருபத்திமூணு வயசு வாக்குல, தெற்குல இருந்து வடக்குக்கு ரயிலேறி வந்த கறுப்பின மக்களைப் பத்தி 60 படம் வரைஞ்சாரு. அறுபது பலகையையும் பரப்பி வச்சுக்கிட்டு, ஒரு கலரைக் குழைச்சா அதை எல்லாப் பலகையிலயும் எங்கெங்க வேணுமோ பூசி முடிச்சுட்டுத்தான் அடுத்த கலர், அப்பத்தான் மொத்தமும் ஒரே கதையா நிக்கும்னு. பலகை தயார் பண்ண கூட நின்னது க்வென்டலின் நைட், அவங்களும் சாவேஜ்கிட்ட படிச்சவங்க, அப்புறம் ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. இரட்டைப்படை நம்பர் படமெல்லாம் நியூயார்க்ல மோமாங்கற மியூசியத்துல இருக்கு, ஒற்றைப்படை வாஷிங்டன்ல பிலிப்ஸ் கலெக்‌ஷன்ல. நான் மோமாவுல ரொம்ப நேரம் நின்னது 58-ஆவது படத்துக்கு முன்னாடி, மூணு சின்னப் பொண்ணுங்க முதுகைக் காட்டிக்கிட்டு கையை எட்டி போர்டுல நம்பர் எழுதுறாங்க, அவ்வளவுதான் படம். அதுக்குன்னே ரயிலேறி வந்த அப்பா அம்மா எத்தனை பேரோ.

எல்லாரும் ஓவியராகணும்னு அவசியமும் இல்ல. சாவேஜோட ஸ்டுடியோவுக்கு வந்தவங்கள்ல கென்னத் கிளார்க்கும் உண்டு, பொம்மைகளை வச்சு நிறவெறி குழந்தை மனசை எப்படிப் பாதிக்குதுன்னு காட்டின உளவியலாளர், பள்ளிகள்ல இனப்பிரிவினை செல்லாதுன்னு 1954-ல வந்த தீர்ப்புல அவரோட ஆய்வுக்கும் இடம் உண்டு.

காசு விஷயம் எனக்கு வயித்தெரிச்சல். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு சாவேஜ் 16 அடி உயரத்துல ஒரு சிலை செஞ்சாங்க, பாடுற பிள்ளைங்களே யாழோட நரம்பா நிக்கற மாதிரி. வெண்கலத்துல வார்க்கவோ எடுத்து வைக்கவோ பணம் இல்ல, கண்காட்சி முடிஞ்சதும் இடிச்சுட்டாங்க. இதுக்காக லீவு போட்டுப் போனவங்களுக்குத் திரும்பி வந்தப்ப டைரக்டர் வேலையும் இல்ல. 1943-ல டபிள்யூபிஏவே முடிஞ்சுது. அரசாங்கம் குடுத்தா நல்லா ஓடும், நிறுத்தினா அன்னைக்கே பூட்டுதான். அதுக்காக தனியார் மட்டும் போதும்னும் சொல்லமாட்டேன், டொரோத்தி மேனர்ங்கற பாடகி 1964-ல சர்ச் அடித்தளத்துல ஆரம்பிச்ச ஹார்லெம் ஸ்கூல் ஆஃப் தி ஆர்ட்ஸ் 2010-ல பணமில்லாம கொஞ்ச நாள் மூடிக்கிடந்துச்சு, ட்ரம்பெட் வாசிக்கற ஹெர்ப் ஆல்பர்ட்டோட ஃபவுண்டேஷன் வந்து தூக்கிவிட்டுச்சு. எல்லா ஊருக்கும் ஒரு ஆல்பர்ட் வரமாட்டாரு. அரசாங்கம், நன்கொடை, குடுக்க முடிஞ்ச வீட்டுக்காரங்க ஃபீஸ், மூணும் கலந்திருந்தாத்தான் ஒண்ணு விழுந்தாலும் இன்னொண்ணு தாங்கும்.

ஆர்தர் மிச்சல்னு ஒரு பாலே டான்ஸர், 1968-ல மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ன பிறகு ஹார்லெம் வந்து ஒரு கராஜ்ல பிள்ளைங்களுக்கு பாலே சொல்லிக்குடுத்தாரு. வெக்கைக்குக் கதவைத் திறந்து வச்சிருப்பாரு, தெருவுல போற பசங்க எட்டிப் பாத்து உள்ள வந்தாங்க, டைட்ஸ் போட வெக்கப்பட்ட பசங்களை வெட்டின ஜீன்ஸோடயே ஆடவிட்டாரு. 1969-ல அது டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் ஆச்சு. கடன் ஏறி 2004-ல நடனக் குழுவை நிறுத்த வேண்டியதாச்சு, 2012 வரைக்கும் குழு திரும்ப வரல. ஸ்கூல் மட்டும் அதோட முடிஞ்சுபோகல.