அம்மாவின் அறையில் கேமரா: அவரைக் கேட்டீர்களா?

கேள்வி: பக்கவாதம் வந்தபின் என் அம்மா (78) படுக்கையில் இருக்கிறார். பேச்சு குழறும், நினைவு தெளிவு. நான் வெளியூரில் வேலை பார்ப்பதால், ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணைப் பராமரிப்புக்கு வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் அறையில் கேமரா வைத்தேன். விழுந்தால் எச்சரிக்கும் வாட்ச்சும் அம்மா கையில் உண்டு. போன வாரம் அம்மா கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தார். வாட்ச் அலறியும் அந்தப் பெண் வர 20 நிமிடம் ஆனது. பதிவைக் காட்டிக் கேட்டால், ‘திருட்டுத்தனமாகப் படம் பிடித்தீர்கள், போலீசுக்குப் போவேன்’ என்கிறார். சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். சட்டம் யார் பக்கம்?

பதில்: முதலில் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். வேலை செய்த நாட்களுக்கான கூலி அது; அதைப் பிடித்து வைத்தால் நியாயம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

நோயாளியைக் கவனிக்க உங்கள் வீட்டில் கேமரா வைத்தது மட்டுமே குற்றமாகாது. அது எதைப் பார்க்கிறது என்பதில்தான் சிக்கல். அந்தப் பெண் அதே அறையில் உடை மாற்றுவாரா? அப்படியொரு காட்சி பதிவாகியிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 77-வது பிரிவு குறுக்கே வரும்; பெண்ணின் அந்தரங்கச் செயலைப் படம் பிடிப்பதை அது குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை சிறை. எனவே அவருக்கு உடை மாற்றத் தனி இடம் கொடுங்கள், கேமரா இருப்பதை எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ஒலிப்பதிவை அணைத்துவிடுங்கள், விழுந்ததை அறிய அவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு உடம்பு துடைப்பதும் டயப்பர் மாற்றுவதும் அந்த அறையில்தானே? அந்தக் காட்சி உங்கள் போனுக்கும், அநேகமாக உடன்பிறந்தவர்கள் போன்களுக்கும் போய்க்கொண்டிருக்கும். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றித் தெரிந்தே படம் பிடிப்பதையும் அனுப்புவதையும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவு குற்றமாக்குகிறது: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘பெற்ற பிள்ளைதானே’ என்ற விலக்கு அதில் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது படுக்கையில் கிடப்பவருக்கும் சேர்த்துத்தான்.

இனி அந்த 20 நிமிடம். ஏஜென்சிக்குப் பணம் கொடுத்திருப்பதால் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கெடு 2 ஆண்டு. ஆனால் ‘வாட்ச் ஒலித்தால் இத்தனை நிமிடத்தில் போக வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. எச்சரிக்கை யார் போனுக்கு வரும், இரவில் யார் விழித்திருப்பார் என்பதை இனியாவது ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்பாளர் பக்கத்து அறையில் தூங்க, எச்சரிக்கை வெளியூரில் உங்கள் போனில் மட்டும் ஒலித்தது என்றால், வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை மட்டும் நம்பாதீர்கள். பழைய பதிவு தானாக அழியும் முன் மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி, பதிவு எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும் சான்றிதழும் இணைக்க வேண்டும்.

அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது கேமராவில் தெரியும் காட்சியை உங்கள் போனில் அம்மாவுக்கே காட்டுங்கள். துடைக்கும் நேரத்தில் கேமராவுக்கு மூடி போட்டுக்கொள்ளலாமா, கேமராவே வேண்டாமா என்று கேளுங்கள். வேண்டாமென்று தலையசைத்தால் கழற்றிவிடுங்கள். வாட்ச்சோடு, எழுந்தாலோ சரிந்தாலோ ஒலிக்கும் படுக்கை விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். அது யாரையும் படம் பிடிக்காது.