கடைக்காலில் கிடைத்த இலைக்கல்லும் அதை வாங்க வந்த தரகரும்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடால் மாகாணத்தில், எஸ்ட்கோர்ட் அருகே மாமனார் விட்டுச்சென்ற நிலத்தில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது, ஏடு ஏடாகப் பிரியும் சாம்பல் நிறக் கல்லில் நாக்கு வடிவ இலைகளின் பதிவுகள் கிடைத்ததாகச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். செய்தி அறிந்து வந்த ஒரு தரகர், அரசுக்குத் தெரிந்தால் நிலத்தையே எடுத்துக்கொள்வார்கள் என்று பயமுறுத்தி, கற்களைத் தம்மிடம் விற்றுவிடும்படியும், அதற்கான அனுமதியைத் தாமே வாங்கித் தருவதாகவும் சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார். நிலம் போய்விடுமா, அந்தக் கல்லால் யாருக்கு என்ன பயன் என்பவை வாசகியின் இரு கேள்விகள்.

நிலம் போகாது, சகோதரி. நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுத் தேசிய மரபு வளச் சட்டம், 35ஆம் பிரிவில், புதைபடிவங்கள், அதாவது கல்லில் பதிந்த பழங்கால உயிர்களின் எச்சங்கள், அரசின் உடைமை என்கிறது. அவை கிடைத்த நிலத்தைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. கட்டட வேலையிலோ உழவு வேலையிலோ இவை கண்ணில் பட்டால், மரபு வள அலுவலகத்துக்கோ, அருகிலுள்ள உள்ளாட்சி அலுவலகத்துக்கோ, அருங்காட்சியகத்துக்கோ உடனே தெரிவிக்க வேண்டும் என்பதே கண்டெடுத்தவர்மீது அது சுமத்தும் கடமை. அனுமதியின்றித் தோண்டுவதும் சேதப்படுத்துவதும் விற்பதும் குற்றம். அந்த அனுமதியும் வழக்கமாகத் தகுதியுள்ள ஆய்வாளருக்கு அகழ்வதற்காகத் தரப்படுவது. தரகர் ஒருவர் வீட்டுக்காரர் சார்பில் வாங்கிக் கொடுத்த விற்பனை அனுமதி எதையும் நான் இத்தனை ஆண்டுகளில் கண்டதில்லை. எனவே முன்பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால் ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இலை என்று நம்பி எடுத்து வரப்படும் கற்களில் பல, வெடிப்புகளுக்குள் மாங்கனீசு ஊறிப் படிந்து செடிபோல் கிளைத்த கறைகளே. அவற்றில் நடுநரம்பு இருக்காது. நீங்கள் நடுநரம்பையும் அதன் இருபுறமும் வலைபோல் பின்னிய சிறு நரம்புகளையும் விவரித்திருப்பதால், உங்களிடம் இருப்பது குளோசாப்டெரிஸ் என்னும் மரத்தின் இலை என்றே கருதுகிறேன். எஸ்ட்கோர்ட், மூய் ரிவர் வட்டாரத்துப் பாறைகளில் இந்த இலைகள் முன்பே கிடைத்துள்ளன. பூச்சிகளின் இறகுகளும் உடன் கிடைத்திருக்கின்றன. வயது 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

அந்தக் கல் சொல்வது கொஞ்சமல்ல. மென்மையான சேறு இறுகி உருவான பாறை என்பதால், அங்கே நீர் ஓடாமல் தேங்கி நின்றது என்று அறிகிறோம். இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காகக் கிடந்தால் அவை ஒரே பருவத்தில் உதிர்ந்தவையாக இருக்கலாம். இம்மரங்களின் கல்லான தண்டுகளில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரிவதும் கோடையும் குளிரும் கடுமையாக மாறி மாறி வந்ததையே காட்டுகிறது, ஏனெனில் அக்காலத்தில் இந்நாடு தென்துருவத்துக்கு இப்போதைவிட வெகு அருகில் இருந்தது. இவற்றின் வேர்களில் காற்றறைகள் உள்ளதால், சதுப்பு நிலத்தில் வளர்ந்த மரம் என்கிறோம். இலை விளிம்பில் அரைவட்டமாகக் கடித்த தடம் இருந்தால், அது அன்றைய பூச்சி ஒன்று உண்ட உணவின் மிச்சம். இதே இலை இந்தியாவின் நிலக்கரிப் படுகைகளிலும் உண்டு. 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஸ்காட்டின் குழுவினரின் உடல்களருகே ஏறத்தாழ 16 கிலோ கற்கள் இருந்தன. அவற்றிலும் குளோசாப்டெரிஸ் இருந்தது. நடக்கவே வலுவில்லாத நிலையிலும் அவர்கள் அந்தச் சுமையை எறியவில்லை. இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா மூன்றும் ஒரே நிலமாக இருந்தவை என்பதற்கு இந்த இலை வலுவான சான்று.

ஆனால் இவற்றைச் சொல்லக் கல் மட்டும் போதாது, அது எந்த அடுக்கில், எந்தப் பக்கம் மேலாகக் கிடந்தது என்பது வேண்டும். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில் இந்தக் காடுகள் மறைந்தன. இந்நாட்டின் பெரும்பகுதியில் பரவியுள்ள கரூ பாறைகளில் அதற்கு மேலுள்ள அடுக்குகளில் லிஸ்ட்ரோசாரஸ் என்னும் விலங்கின் எலும்புகளே மிகுதி. சில மீட்டர் உயர வேறுபாட்டில் ஓர் உலகம் முடிந்து வேறோர் உலகம் தொடங்கியிருக்கலாம். தரகரின் காருக்குள் போன கல் அந்த உயரத்தை இழந்துவிடுகிறது. பிறகு அது மேசைமேல் வைக்கும் அலங்காரப் பொருள்தான். எனக்கு இதில் உள்ள கோபம் பணத்தைப் பற்றியதல்ல.

இத்தகைய தரகர்கள் சொல்லும் ஒரு வாதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. நிலக்கரி போன்ற எரிபொருளும், தொழிலுக்குப் பயன்படுத்த எண்ணிய புதைபடிவப் பாறையும் சட்டத்தின் வரையறைக்குள் வருவதில்லை. நிலக்கரியே இந்த மரங்களின் மிச்சம்தான். சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் நிறைந்திருக்கலாம். அவற்றின் ஒவ்வொரு கட்டிக்கும் அனுமதி கேட்டால் எந்தத் தொழிலும் நடக்காது. இதைக் காட்டி, 'உங்கள் கல்லும் செங்கல் சூளைக்குப் போகும் களிப்பாறைதானே, சட்டம் பொருந்தாது' என்பார்கள். விலக்கு, பாறையை எதற்காக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இலை தெரிகிறது என்பதற்காகவே தேர்ந்தெடுத்து, இலைக்காகவே விலை பேசிய கல், தொழிற்பாறை ஆகாது. சூளைக்குப் போகும் கல்லை யாரும் துணியில் சுற்றி எடுத்துச் செல்வதில்லை.

மக்கள் தரகரிடம் போவதற்கு அலுவலகங்களும் காரணம் என்பதை மறைக்க மாட்டேன். மாகாண மரபு வள அலுவலகத்துக்குப் பேசினால் தேசிய அலுவலகத்தைக் கேளுங்கள் என்கிறார்கள், அங்கே கேட்டால் மாகாணத்துக்குத் திருப்புகிறார்கள். கடைக்கால் குழி அதுவரை மழைநீரில் நின்றுகொண்டிருக்கிறது. நேர்மையாகச் சொல்ல வருபவரை இப்படி அலைக்கழித்தால் அடுத்தவர் ஏன் வாய் திறப்பார்? பதில் சொல்லும் ஒரே தொலைபேசி எண்ணைக்கூட இத்தனை காலத்தில் நம்மால் உருவாக்க முடியவில்லை.

ஆகவே நேரே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள குவாசூலு-நடால் அருங்காட்சியகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, தேதியுடன் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை அந்த மூலையில் மட்டும் தோண்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். குழியின் சுவரைப் படம் எடுக்கும்போது அளவு தெரிய ஒரு மண்வெட்டியைப் பக்கத்தில் சாத்துங்கள். தரையிலிருந்து எத்தனை அடி ஆழம் என்றும் குறியுங்கள். வெளியே எடுத்துவிட்ட கற்களைக் கழுவவோ வார்னிஷ் பூசவோ வேண்டாம், வெயிலில் விட்டால் ஏடு பிரிந்து உதிரும். பழைய செய்தித்தாளில் தனித்தனியே சுற்றி நிழலில் வையுங்கள். ஒரே கல் இரண்டாகப் பிளந்திருந்தால் இரு பாதிகளையும் சேர்த்தே கட்டுங்கள். இலை ஒரு பாதியிலும் அதன் அச்சு மறுபாதியிலும் இருக்கும்.