ரத்தம் நார்மல் என்றால் லுகேமியா கர்ப்பப்பையில் திரும்பாதா?

கேள்வி: எனக்கு 31 வயது. லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவுக்கு (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) அண்ணனின் ஸ்டெம் செல் ஏற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. அதிலிருந்து மாதவிடாய் இல்லை. ஹார்மோன் மாத்திரையும் சாப்பிடவில்லை. மூன்று வாரமாக லேசாக ரத்தம் படுகிறது, அடிவயிறு கனக்கிறது. ரத்தப் பரிசோதனை நார்மல். ஸ்கேனில் கருப்பை வாய் தடித்திருக்கிறதாம். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். லுகேமியா அங்கேயும் வருமா?

பதில்: வரும். அரிதுதான், ஆனால் உங்கள் நிலைமையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். பயாப்ஸி (திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு கைக்கு வரும்வரை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

எலும்பு மஜ்ஜையில் தொடங்கும் நோய்தான் என்றாலும் அந்த செல்கள் ரத்தத்தோடு எங்கும் போகும். திரும்பும்போது மஜ்ஜையை விட்டுவிட்டு வேறொரு உறுப்பில் மட்டும் தலைகாட்டுவதும் உண்டு. ஆண்களுக்கு விரையில் வருவது பலருக்கும் தெரியும். பெண்களுக்குச் சினைப்பை, கர்ப்பப்பை, கருப்பை வாய். அண்ணனின் செல்கள் மஜ்ஜையில் நன்றாகக் காவல் காக்கின்றன, வெளியே உள்ள உறுப்புகளில் அந்தக் காவல் அவ்வளவு பலமாக இருப்பதில்லை. அதனால் ரத்தம் நார்மல் என்பதை வைத்து மட்டும் இதை விட்டுவிட முடியாது.

பாப் ஸ்மியர் (கருப்பை வாயை மேலாகச் சுரண்டிப் பார்க்கும் சோதனை) நார்மலாக வந்தாலும் அப்படித்தான். லுகேமியா செல்கள் பெரும்பாலும் மேல்தோலுக்கு அடியில் உள்ள திசுவில் பரவும்; மேலாகச் சுரண்டினால் சிக்காமல் போகலாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு ஆழமாகத் திசு எடுக்கச் சொல்லுங்கள்.

அந்தத் திசுவோடு போகும் சீட்டையும் ஒருமுறை நீங்களே படித்துப் பாருங்கள். 'கருப்பை வாய்க் கட்டி' என்று மட்டும் இருந்தால் போதாது. 'லுகேமியா, ஸ்டெம் செல் மாற்று முடிந்தவர்' என்று எழுதச் சொல்லுங்கள். மைக்ரோஸ்கோப்பில் இந்தச் சிறிய உருண்டை செல்கள் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) போலவோ வேறு புற்றுநோய் போலவோ தெரியும். அந்த ஒரு வரி இருந்தால்தான் திசுவைப் பரிசோதிக்கும் பாத்தாலஜிஸ்ட், செல் எந்த வகை என்று காட்டும் சரியான மார்க்கர்களைப் போட்டுப் பார்ப்பார். முழுத் திசுவையும் ஃபார்மலினில் போட்டுவிடாமல், ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற செல் வகை கண்டறியும் சோதனைக்குக் கொஞ்சம் தனியாக எடுத்துவைக்க முடியுமா என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

வேறு காரணங்களும் இருக்கலாம். சினைப்பை மறுபடி வேலை செய்யத் தொடங்கியிருக்கலாம். தானமாக வந்த செல்கள் பிறப்புறுப்பைத் தாக்கிப் புண்ணாக்கியிருக்கலாம். ஹெச்பிவி கிருமியால் கருப்பை வாய் செல்கள் மாறியிருக்கலாம். மாற்று சிகிச்சை செய்தவர்களுக்கு இது அதிகம். அதற்கான பரிசோதனையும் சேர்ந்தே நடக்கட்டும்.

சரி, லுகேமியாதான் என்று வந்தால்? பெட் ஸ்கேன், மஜ்ஜை, முதுகுத்தண்டு நீர் மூன்றையும் பார்ப்பார்கள். ஓரிடத்தில் தெரிந்தாலும் இது உடம்பு முழுவதற்குமான நோய். கர்ப்பப்பையை எடுப்பதால் மட்டும் தீராது, ஆபரேஷன் புண் ஆறும்வரை கீமோவும் தள்ளிப்போகும். கீமோ, பிளினாட்டுமோமாப் (உடம்பின் எதிர்ப்பு செல்களை லுகேமியாவின் மேல் ஏவும் மருந்து), கார்-டி செல் (மாற்றியமைத்த எதிர்ப்பு செல்களை ஏற்றுவது), கட்டிக்கு ரேடியேஷன், சிலருக்கு அண்ணனின் லிம்ஃபோசைட்டுகள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) அல்லது இரண்டாவது மாற்று என்று வழிகள் இருக்கின்றன. எது என்பதை உங்கள் ரத்தநோய் மருத்துவர் (ஹெமட்டாலஜிஸ்ட்)தான் தீர்மானிக்க வேண்டும். மகப்பேறு மருத்துவரும் அவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும், நடுவில் நீங்கள் தூது போக வேண்டாம்.

அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்று இரவே போய்விடுங்கள். கட்டி சிறுநீர்க் குழாயை நெரித்தால் கிட்னி சீக்கிரம் கெட்டுவிடும்.