கேட்ஸ்பியின் அப்பா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசிப்புக் குழுவில் சென்ற மாதம் 'தி கிரேட் கேட்ஸ்பி' பற்றிப் பேசினோம். அதற்கு முன் டிரைசரின் 'ஆன் அமெரிக்கன் டிராஜடி'யை முக்கி முனகி முடித்திருந்தோம். நான் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். அப்பா தறி ஓட்டியவர். எனக்கு இந்த நாவல்கள் மேல் ஓர் எரிச்சல். 'உழை, சம்பாதி, முன்னேறு' என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த நாடு அது. ஆனால் அவர்கள் கதையில் சம்பாதித்தவன் நீச்சல்குளத்தில் செத்து மிதக்கிறான். சம்பாதிக்க ஆசைப்பட்டவன் மின்சார நாற்காலிக்குப் போகிறான். 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்று பட்டினத்தார் ஒரு வரியில் முடித்ததற்கு இவர்களுக்கு இத்தனை பக்கமா? எழுத்தாளர்களுக்குப் பணக்காரன் மேல் வயிற்றெரிச்சல் என்று சொன்னேன், குழுவில் சண்டையாகிவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்,

வயிற்றெரிச்சல் கொஞ்சமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்ஸ்பியை எழுதிய ஃபிட்ஸ்ஜெரால்டின் வயிற்றில் இருந்தது பெரும்பாலும் பயம். 1908இல் பஃபலோ நகரத்தில் அவருடைய அப்பாவுக்கு விற்பனைப் பிரதிநிதி வேலை போயிற்று. பையனுக்கு 11 வயது. நீச்சலுக்குப் போக அம்மா கால் டாலர் கொடுத்திருந்தார். போனில் அம்மா பேசியதைக் கேட்டு ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்ததும், அந்தக் காசை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். இது பின்னாளில் அவரே சொன்னது. காலையில் வேலைக்குப் போன அப்பா, மாலையில் கிழவராகத் திரும்பி வந்தார் என்றும் சொல்லியிருக்கிறார். இப்படி வளர்ந்தவருக்குப் பணத்தைத் தூசு என்று எழுத வராது. கேட்ஸ்பி அலமாரியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக மேஜைமேல் வீசும் இடத்தை மறுபடி பாருங்கள். லினன், கனத்த பட்டு, மெல்லிய ஃபிளானல் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எழுதியவருக்கு அந்தச் சட்டைகளைப் பிடித்திருக்கிறது. துணி வியாபாரம் தெரிந்த நீங்கள் என்னைவிட நன்றாகவே ரசித்திருப்பீர்கள்.

பட்டினத்தாரை இங்கே கொண்டுவருவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டினத்தார் எல்லாம் இருந்து, போதும் என்று எழுந்து போனவர். கேட்ஸ்பி எதையும் துறக்கவில்லை, கடைசி நாள்வரை ஒரு போன் வரும் என்று காத்திருக்கிறான். பணம் நிலைக்காது என்பது அந்த நாவலின் கவலையே இல்லை. வேறொன்று இருக்கிறது. அதற்கான நூல்முனை உங்கள் கடிதத்திலேயே கிடக்கிறது. 'அப்பா தறி ஓட்டியவர்' என்று நான்காவது வாக்கியத்திலேயே எழுதிவிட்டீர்கள். கேட்ஸ்பியால் அதை எழுத முடியாது.

அவன் தன்னைப் பற்றிச் சொல்லும் கதை நினைவிருக்கிறதா? மத்திய மேற்குப் பகுதியில் பெரிய பணக்காரக் குடும்பம், எல்லோரும் இறந்துவிட்டார்கள், சொத்து தனக்கு வந்தது என்கிறான். மத்திய மேற்கில் எந்த ஊர் என்று கதையைச் சொல்லும் நிக் கேட்கிறான். சான் ஃபிரான்சிஸ்கோ என்கிறான். தஞ்சாவூர்க்காரன் என்று சொல்லிக்கொள்பவன், எந்தத் தெரு என்றால் கோயம்புத்தூர் என்பதைப் போல. உண்மையில் அவன் வடக்கு டக்கோட்டாவின் ஒன்றுமில்லாத விவசாயி ஒருவரின் மகன், ஜேம்ஸ் காட்ஸ். அப்பா மினசோட்டாவில் உயிரோடு இருக்கிறார். இரண்டு வருஷம் முன்பு அவருக்கு வீடும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஆனால் ஊருக்கு அவர் செத்துப்போனவர்.

அமெரிக்க நாவலில் முன்னேறுகிறவர்களை வரிசையாகப் பார்த்தால் இது கண்ணில் படும். 'ஏழைப் பையன் உழைத்து உயர்ந்தான்' என்ற கதையை அச்சு வைத்து வார்த்தவர் ஹொரேஷியோ ஆல்ஜர். 1868இல் புத்தகமாக வந்த 'ராக்ட் டிக்' நியூயார்க் தெருவில் ஷூவுக்குப் பாலிஷ் போடும் பையனின் கதை. கோடீஸ்வரன் எல்லாம் ஆகவில்லை. படகிலிருந்து தவறி விழுந்த ஒரு குழந்தையைக் குதித்துக் காப்பாற்றுகிறான். அதன் அப்பா வாரம் பத்து டாலர் சம்பளத்தில் குமாஸ்தா வேலை தருகிறார், அவ்வளவுதான். பாலிஷ் போட்டே யாரும் உயரவில்லை என்பதை ஆல்ஜரின் ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். அது கிடக்கட்டும். டிக் ஓர் அனாதை. கடைசிப் பக்கத்தில் பெயரையும் ரிச்சர்ட் ஹண்டர் என்று சீர்செய்துகொள்கிறான். தடுக்க வீட்டில் யாரும் இல்லை.

ஆல்ஜரின் பையன்களுக்கு அனாதையாக இருப்பது விதி. அறுபது வருஷம் கழித்து வந்தவர்கள் அதைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. பட்டம், ஜமீன் எதுவும் இல்லாத நாடு, யாரும் எதுவும் ஆகலாம் என்கிறார்கள். சரி, அப்படியென்றால் நீ இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாதான் சாட்சி.

கேட்ஸ்பி வெளிவந்த அதே 1925இல்தான் டிரைசரின் நாவலும் வந்தது. முனகினீர்கள் என்பதில் வியப்பில்லை, டிரைசரின் வாக்கியங்கள் கல்லும் முள்ளும்தான். ஆனால் அந்த முதல் காட்சி! கான்சஸ் சிட்டியில் கோடைக்கால அந்தி. தெருமுனையில் ஒரு குடும்பம் ஆர்கன் பெட்டியை வைத்துக்கொண்டு பக்திப்பாடல் பாடுகிறது. அந்தக் குடும்பத்தின் 12 வயதுப் பையன், கதாநாயகன் கிளைட், போகிறவர்கள் தன்னைப் பார்க்கிறார்களே என்று கூசி நிற்கிறான். கொலை, வழக்கு, மின்சார நாற்காலி எல்லாவற்றுக்கும் விதை அந்தக் கூச்சத்தில் இருக்கிறது. பிறகு ஹோட்டலில் எடுபிடி வேலைக்குச் சேர்கிறான், டிப்ஸ் கொட்டுகிறது. அக்காவின் பிரசவத்துக்கு அம்மா பணம் கேட்கும்போது கையில் இருப்பதை மறைக்கிறான், ஒரு பெண் கேட்ட ஃபர் கோட்டுக்காக. அதே அம்மாதான் கடைசியில் மகனுடைய மேல்முறையீட்டுச் செலவுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசிக் காசு சேர்க்கிறாள். நாற்காலியைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை. பட்டினத்தாரை நீங்கள் இழுத்ததால் சொல்கிறேன், எல்லாவற்றையும் உதறியவரே தாய்க்குக் கொள்ளி வைக்க வந்து நின்று 'முன்னை இட்ட தீ' என்று அழுதார்.

கேட்ஸ்பியில் வருகிறவர் அப்பா. மகன் செத்த செய்தியைச் சிகாகோ பேப்பரில் பார்த்துவிட்டு, வெயில் நாளில் மலிவான ஒரு நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து சேர்கிறார். பையில் ஒரு போட்டோ வைத்திருக்கிறார். மகனுடைய போட்டோ அல்ல, மகன் வீட்டின் போட்டோ! பலபேர் கை பட்டு அழுக்காகி, மூலைகள் வெடித்திருக்கிறது. இப்போது அந்த வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு அதை நிக்கிடம் காட்டுகிறார். அப்புறம் மகன் சிறுவயதில் வைத்திருந்த ஒரு கௌபாய் கதைப் புத்தகத்தை எடுக்கிறார். கடைசித் தாளில் அட்டவணை. ஆறு மணிக்கு எழுவது, டம்பெல் பயிற்சி, மின்சாரம் படிப்பது, பேச்சுப் பயிற்சி. ஒருநாள் விட்டு ஒருநாள் குளியல். வாரம் ஐந்து டாலர் சேமிப்பு என்று எழுதி, அதை அடித்துவிட்டு மூன்று டாலர். கடைசி வரி: அப்பா அம்மாவிடம் இன்னும் நன்றாக நடந்துகொள்வது.

நான் பன்றி மாதிரி தின்கிறேன் என்று ஒருமுறை சொன்னான், அதற்காக அடித்தேன் என்றும் சொல்கிறார். பெருமையாகத்தான் சொல்கிறார். மகனை வெட்கப்பட வைத்தவர் தாம்தான் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. ஐந்தை அடித்து மூன்றாக்கிய அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகு, இவர்கள் பணக்காரனைப் பழிவாங்க எழுதினார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குழுவில் அடுத்து ஹோவெல்ஸின் 'த ரைஸ் ஆஃப் சைலஸ் லாபம்' எடுங்கள், 1885இல் வந்தது. லாபம் என்பது ஆளின் பெயர், நம் லாபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் பொருத்தம். பெயின்ட் வியாபாரி. வெர்மான்ட் பண்ணையில் மரம் சாய்ந்த குழியில் அவன் அப்பா கண்டெடுத்த மண்தான் மூலதனம், அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். பாஸ்டனில் பரம்பரைப் பணக்காரர் வீட்டு விருந்துக்குக் கையுறை போட வேண்டுமா வேண்டாமா என்று நாள்கணக்கில் தவித்து, போட்டுக்கொண்டே போகிறான். மஞ்சள் கையுறைக்குள் அவன் கைகள் துணி சுற்றிய பன்றித் தொடை மாதிரி இருக்கின்றன. அங்கே ஒருவர் கையிலும் கையுறை இல்லை. மெல்லக் கழற்றிவிடுகிறான். பிறகு தொழில் நொடிக்கிறது. ஏமாற்றி விற்றுத் தப்பிக்க வழி இருந்தும் விற்காமல் அந்தப் பண்ணைக்கே திரும்புகிறான். செய்ததற்கு வருந்துகிறாயா என்று கேட்டால், ஏதோ ஒரு குழி திறந்தது, அதன் வழியாக ஊர்ந்து வெளியே வந்தேன் என்கிறான்.

விருந்து 14ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அதை மட்டுமாவது குழுவில் யாராவது சத்தமாகப் படியுங்கள், இந்த முறை சண்டை வராது.